செலவழிக்காத டைம் அவுட்

போன வியாழக்கிழமை மல்லித்தழை வாங்கப் போய், வாங்காமலே திரும்பி வந்தேன். துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே சூப்பர் மார்க்கெட். இறங்கிப் போய் வர ஐந்து நிமிஷம். அங்கே ஒரு அம்மாவின் தள்ளுவண்டி அலமாரியில் இடித்து, மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டில் விழுந்து உடைந்தது. மேப்பிள் சிரப். அமெரிக்கர்கள் அவர்கள் ஊர் தோசைமேல் ஊற்றிக்கொள்ளும் பாகு. வெல்லப்பாகை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் ஒரு வாசனை வருமே, ஏறக்குறைய அதுதான். துடைக்க வந்த நேபாளி "பாய், சைட், சைட்" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான், நான் அந்தப் பாகுக்குள்ளேயே செருப்போடு நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "மல்லி எங்க?" மறந்துவிட்டது என்றேன். மறந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

என் மூக்குக்கு அந்த வாசனை என்றால் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி, மெஸ் ஹால். வளைகுடா நாடு ஒன்றில், ஊர் வெளிச்சமெல்லாம் முடிந்து இன்னும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் அமெரிக்கப் படைமுகாம். எந்த நாடு, எந்த முகாம் என்று கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டேன் என்று ஆறு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படித்துப் பார்க்காமல்தான் போட்டேன், இருந்தாலும் போட்டது போட்டதுதானே. அந்த முகாமுக்குச் சாப்பாடு போடும் காண்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு வேலை. பி.காம். படித்திருந்தேன். ஸ்டோர் கீப்பர் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினார். வந்து இறங்கியதும் கையில் ஒரு கிளிக்கரைக் கொடுத்து மெஸ் ஹால் வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே நுழையும் சிப்பாய் ஒருவருக்கு ஒரு அமுக்கு. பட்டப்படிப்பு மொத்தமும் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது. அரியலூரில் என் அம்மா மட்டும் "தம்பி மிலிட்டரில கணக்குப் பாக்குது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரிவது ஆம்லெட் கவுண்டர். அங்கே நின்றவர்தான் மிக்கேலண்ணன். குளச்சல் பக்கம் கடற்கரைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு கையால் இரண்டு முட்டையை உடைத்து, மற்றொரு கையால் வெங்காயம் அள்ளி, கண்ணை மட்டும் எதிரே சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் வைத்திருப்பார். அவருக்கும் எனக்கும் இருபதடி தூரம். இருபதடியில் எவ்வளவு சண்டை போடலாம் என்பதை அந்த மெஸ் ஹாலில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அந்த டி.வி.யில் ஓடியது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அவர்கள் ஊரில் அது சனிக்கிழமை ராத்திரி நடக்கும். எங்களுக்கு ஞாயிறு விடிந்திருக்கும். காலைச் சாப்பாட்டுக்குக் கதவைத் திறக்கும்போது அங்கே ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கும். அதனால் அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்பத்திலிருந்து பார்த்ததில்லை. கடைசிக் கால்பகுதி மட்டும்தான். யார் நன்றாக ஆடினார்கள், எப்படி முன்னுக்கு வந்தார்கள், ஒன்றும் தெரியாது. எவ்வளவு நேரம் மிச்சம், எத்தனை புள்ளி பாக்கி, இப்போது என்ன செய்யப்போகிறான் என்பது மட்டும் தெரியும். பாதிப் பேர் வாழ்க்கையில் எதையும் அப்படித்தான் பார்க்கிறார்கள், அதை விடுங்கள்.

முதலில் எங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. மிக்கேலண்ணன் கடற்கரை மணலில் நிஜமான ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர். அவர் ஊரில் ஞானஸ்நானம் வாங்கிய மறுநாளே பிள்ளைகள் பந்து உதைக்கும் என்பார். இந்த ஆட்டத்தைப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடே, கையில தூக்கிட்டு ஓடுதான், கெட்டிப்பிடிச்சு உருளுதான். இதுக்குப் பேரு ஃபுட்பாலா? காலு எங்கடே?" என்று கத்துவார். தட்டோடு வரிசையில் நின்ற ஒரு சார்ஜன்ட்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். அலபாமா பக்கத்து ஆள். நல்ல உடம்பு, நாலு முட்டை ஆம்லெட், எல்லாம் போட்டு. அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது, மிக்கேலண்ணனுக்கு அதிலும் பாதி. முட்டைத் தட்டில் இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று என்று அடுக்கிவைத்து அவர் சொல்லிக்கொடுத்தார்.

விஷயம் இதுதான். பந்து வைத்திருப்பவனுக்கு நாலு முயற்சி. நாலுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. ஆகவே நாலாவது முயற்சி வந்ததும் ஒரு முடிவெடுக்க வேண்டும். துணிந்து ஓடுவதா, அல்லது உதைப்பதற்கென்றே வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டு உதைத்துவிடுவதா? கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. கம்பம் தூரமென்றால், எதிராளி எங்கோ கடைசியிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று பந்தைத் தூர உதைத்து அனுப்புவார்கள். இதோடு இன்னொன்று. ஓடும் கடிகாரத்தை நிறுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி ஆட்டத்துக்கு மூன்று டைம் அவுட் உண்டு. செலவழிக்காமல் விட்டால் வீண். அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு சண்டை போட்டிருக்கிறோம் தெரியுமா? உதைக்கும் ஆள் களத்துக்கு வந்தால் மிக்கேலண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மொத்தக் கூட்டத்திலும் அவன் ஒருத்தன்தான் ஃபுட்பால் ஆடுகிறான் என்பது அவர் கட்சி. மூன்று மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பான், ஒரே ஒரு உதைக்கு எழுந்து வருவான், தவறினால் ஊரே ஏசும். அதனால் நாலாவது முயற்சி என்றாலே அவருக்கு உதைத்தாக வேண்டும். நான் நேர்மாறு. இரண்டு கஜத்துக்குப் பயந்து உதைப்பவன் எதற்கு ஆட வந்தான் என்பேன். "நீ வாசல்ல நின்னு ஆள எண்ணுத பயல். ஒனக்குக் காலப் பத்தி என்னடே தெரியும்?" என்பார். "ஒங்களுக்கு முட்டையப் பத்தித்தாண்ணே தெரியும்" என்பேன். வரிசையில் நிற்கும் சிப்பாய்களுக்குப் பாஷை புரியாது. ஆனால் எதைப் பற்றி என்று புரியும். தலையாட்டிச் சிரிப்பார்கள், அவர்களும் கட்சி பிரிவார்கள். ஒருமுறை இந்தச் சண்டையில் நான் கிளிக்கரை அமுக்க மறந்து நாற்பது பேரைக் கோட்டைவிட்டேன். அன்றைக்கு அரசாங்கக் கணக்குப்படி நாற்பது அமெரிக்கச் சிப்பாய்கள் பட்டினி.

டைம் அவுட் விஷயத்தில் மட்டும் நாங்கள் இடம் மாறிவிடுவோம். துணிந்து ஓடச் சொல்லும் நான் அங்கே கஞ்சன். "வெச்சிருக்கணும்ணே. மூணையும் கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு வெச்சிருக்கணும். இப்ப எடுத்துட்டா அப்பறம் கையப் பெசஞ்சுகிட்டு நிக்கணும்." மிக்கேலண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. "தேவப்படும்போது எடுக்கதுக்குத்தானடே குடுத்திருக்கான். சேத்து சேத்து வெச்சு, பைக்குள்ள போட்டுட்டே தோத்துப் போறானுவ பாரு" என்பார். அப்படித் தோற்ற பயிற்சியாளர்களை வாரத்துக்கு ஒருவராகத் திட்டுவார். நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸிலும் தொடரும். பஸ்ஸில் இருந்த ஆந்திராக்காரர்களும் வங்காளிகளும் இந்த இரண்டு மதராசிகளுக்கும் சொத்துத் தகராறு என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றாவது வருஷம் என்னை வாசலிலிருந்து உள்ளே கூப்பிட்டார்கள். டியூட்டி சார்ட், லீவ் சார்ட் இரண்டும் என் கைக்கு வந்தன. காலையில் வாசலில் கிளிக்கர், பத்து மணிக்கு மேல் ஆபீசில் சார்ட். இங்கே கொஞ்சம் லீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுபது நாள், ஒரு டிக்கெட். பிரித்து எடுக்க முடியாது. போனால் ஒரேயடியாகப் போக வேண்டும், வந்தால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு மூச்சு விடக்கூடாது. அதனால் லீவு வந்தாலும் யாரும் உடனே எடுப்பதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகட்டும், வீட்டுப் பால்காய்ச்சுக்கு ஆகட்டும், மகன் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, சரியான சமயத்துக்காகக் காத்திருப்பார்கள். என் சார்ட்டில் பாதிப் பெயர்களுக்கு நேரே பென்சிலில்தான் தேதி. பேனாவால் எழுதினால் திருத்த வேண்டிவரும்.

மிக்கேலண்ணனுக்கு லீவு வந்து நாலு மாதமாகியும் எடுக்கவில்லை. மகள் கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போகலாம் என்று வைத்திருந்தார். அந்த செப்டம்பரில் ஊரிலிருந்து செய்தி வந்தது. அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு, அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு மருந்து, ஆறு முறை. அதற்குப் பிறகு ஆபரேஷன். ஜனவரியில் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஸ்டெல்லாவின் அக்கா கூடவே வந்து தங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேம்ப்பில் துணி காயப்போடும் இடத்தில் என்னைக் கூப்பிட்டு லீவு ஃபாரத்தைக் கொடுத்தார். அக்டோபர் முதல் வாரம் என்று எழுதியிருந்தது.

"ஆபரேஷனுக்குப் போகலியாண்ணே?"

"அவ இப்ப வரச் சொல்லுதா மக்கா."

"இப்ப போயி என்ன பண்ணுவீங்க? ஊசி போடத்தான் அக்கா கூட இருக்காங்கல்ல. ஆபரேஷன் அன்னைக்கு ஒரு ஆம்பள வேணாமா?"

அவர் ஈரக் கைலியை உதறிக்கொண்டே இருந்தார். அதில் உதற இனித் தண்ணீர் மிச்சமில்லை.

"முதல் மருந்து போட்டாச்சு. அடுத்ததுல முடி கொட்டிரும்னு சொல்லிருக்காவ. கொட்டதுக்கு முன்ன வந்து ஒருக்கா பாத்துட்டுப் போங்கன்னு சொல்லுதா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முடிதானண்ணே, மொளச்சிரும்" என்றேன். இன்றுவரை நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான். அவர் என் கையிலிருந்து ஃபாரத்தை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "நாளைக்கு மேனேஜர்ட்ட குடுத்துரு" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிவப்புச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஆட்டம். நாங்கள் பார்க்க ஆரம்பித்தபோது சிவப்பு இரண்டு புள்ளி பின்னால். களத்தில் குழப்பம், சிவப்பு ஆட்கள் யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள், பந்தை ஆட வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டைம் அவுட் எடுத்தால் சரியாகிவிடும். அவர்கள் பயிற்சியாளர் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார். தாமதத்துக்கு ஐந்து கஜம் தண்டனை. மிக்கேலண்ணன் கரண்டியால் கல்லில் அடித்தார். "எடுடே! டைம் அவுட்ட எடுடே மடப்பயலே!" அலபாமா சார்ஜன்ட்டும் அவர் கட்சி. நான் வாசலிலிருந்து, "பாத்துகிட்டே இருங்கண்ணே, அந்தாளுக்கு வெவரம் தெரியும்" என்றேன். எனக்கு அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது.

இரண்டேகால் நிமிஷம் மிச்சம். பந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் கையில். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெதுவாக ஓடி, விழுந்து, கடிகாரம் தீர்ந்துபோக விடுவது. ஒரு ஓட்டம். சிவப்பு டைம் அவுட். இன்னொரு ஓட்டம். டைம் அவுட். மூன்றாவது. மூன்றாவது டைம் அவுட். கடிகாரம் அசைய மறுத்தது. பத்து கஜம் தேறாததால் வெள்ளை வேறு வழியில்லாமல் பந்தைத் தூர உதைத்து அனுப்பியது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, மூன்று விநாடி இருக்கும்போது உதைக்கிறவனைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான பையன், காதெல்லாம் சிவந்திருந்தது. அவன் உதைக்கப் போகும் நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்களின் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார். அதுவும் ஒரு தந்திரம்தான். உதைக்கிறவனை நிறுத்தி வைத்து யோசிக்க விடுவது. "ஒரு மனுசன காத்திருக்க வெச்சே கொல்லுதானுவளே" என்றார் மிக்கேலண்ணன். ஆம்லெட் கருகியது. அந்தப் பையன் உதைத்தான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய் விழுந்தது.

மெஸ் ஹால் முழுக்கக் கூச்சல். நான் கிளிக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். இருபதடியையும் தாண்டி ஆம்லெட் கவுண்டருக்கே போய், "பாத்தீங்களா? வெச்சிருந்தான், ஜெயிச்சான்! அப்பவே எடுத்திருந்தா இப்ப ஊத்திகிட்டிருக்கும்!" என்று அவர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒத்துக்கொண்டார். "நீ செயிச்சிட்ட மக்கா" என்று சிரித்தார்.

கூட்டம் ஓய்ந்த பிறகு, பத்தரை மணி வாக்கில், ஆபீஸ் கதவில் வந்து நின்றார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஃபாரத்த குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லண்ணே."

"இங்க தா. வெச்சிருக்கேன். ஆபரேஷனுக்கே போறேன்."

கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். ஒரு பந்தாட்டத்தைப் பார்த்துவிட்டா ஒரு மனிதன் இப்படி முடிவெடுப்பான் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு வாரம் முழுக்க வேறு எதைப் பார்த்து முடிவெடுப்பது? ஊரில் என்றால் ஜாதகம், பாதிரியார், மச்சான் என்று ஆயிரம் பேர். இங்கே அந்த டி.வி. இருந்தது, நான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் அக்டோபரில் போய்விட்டால் டிசம்பர் வரைக்கும் ஆம்லெட் கவுண்டரில் வேறு ஆள். அந்த ஆட்ட சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சண்டை போட ஆளில்லை. துணி காயப்போடும் இடத்தில் ஃபாரத்தை வாங்கியதும் என் மனதில் முதலில் தோன்றியது அதுதான். ஸ்டெல்லா அல்ல. அதற்கப்புறம்தான் ஆபரேஷன், ஆம்பளை துணை என்றெல்லாம் நான் நியாயம் பேசினேன்.

நவம்பர் மாதத்தில் காண்ட்ராக்ட் கைமாறியது. புதுக் கம்பெனி. முகாமுக்குள் நுழையும் பாஸ் எல்லாருக்கும் புதிதாக எடுக்க வேண்டும். அது வரும்வரை யாருக்கும் லீவு கிடையாது, இப்போது வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நின்றோம். மேனேஜர் லெபனான்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மிக்கேலண்ணனை அழைத்துக்கொண்டு நானே போனேன். "மாஃபி லீவ். ஃபெப்ரவரி, இன்ஷா அல்லா" என்றார். மாஃபி என்றால் இல்லை. மனைவிக்கு ஆபரேஷன் என்றேன். மேசையிலிருந்த சுற்றறிக்கையைத் திருப்பிக் காட்டினார். அவசர லீவுக்கு ஒரு வழி இருந்தது: மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் இறந்தால். சான்றிதழை ஃபேக்ஸ் செய்ய வேண்டும். இறக்கப்போகிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

வேலையை விட்டுவிட்டுப் போகவும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதமும் புதுக் கம்பெனி பழைய கம்பெனி என்று மாறி மாறிப் போய் எங்கோ கிடந்தது. ஸ்டெல்லாவே ஃபோனில் அழுதாளாம், வேலையை விட்டால் மருந்துக்கு என்ன செய்வது என்று. வீடியோவில் வரச் சொன்னால் வரமாட்டாள். முடி கொட்டிய பிறகு குரல் மட்டும்தான். கேம்ப்பில் வைஃபை பிடிக்கும் ஒரே இடம் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில். அங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஒருக்கா காட்டு, ஒரே ஒருக்கா" என்று அவர் கெஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, கேட்காதவன் மாதிரி ரூமுக்குப் போயிருக்கிறேன்.

ஆபரேஷனே நடக்கவில்லை. ஜனவரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரலுக்குப் போய்விட்டது, இனி அறுப்பதில் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் மிக்கேலண்ணன் டியூட்டிக்கு வந்தார். சார்ட்டில் அவர் பெயரை எழுதியது நான். ஒரு வியாழக்கிழமை காலையில் இறப்புச் சான்றிதழ் ஃபேக்ஸில் வந்தது. அதை மெஷினிலிருந்து எடுத்து மேனேஜரிடம் கொண்டுபோனதும் நான்தான். பத்து நிமிஷத்தில் கையெழுத்து. அன்று சாயங்காலமே எக்ஸிட் பர்மிட், டிக்கெட், எல்லாம். மாதக்கணக்காக நகராத காகிதம் எப்படி ஓடியது என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்படியும் நேரம் போதவில்லை. மும்பையில் விமானம் மாறும் இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. ஊரில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். உடம்பு முன்னமே மோசமாகி இருந்ததால் இனித் தாங்காது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் சனிக்கிழமை விடிகாலையில் போய்ச் சேர்ந்தார்.

அறுபது நாள் லீவு. பிரிக்க முடியாது என்றேனே, குறைக்கவும் முடியாது. திரும்பும் டிக்கெட்டில் தேதி போட்டுத்தான் கொடுப்பார்கள். "அறுவது நாளும் முழுசா இருந்தேன் மக்கா" என்றார் திரும்பி வந்து. "கல்லறைக்குப் போவேன். வீட்டுக்கு வருவேன். எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல." கடைசி மாதங்களில் எடுத்த படம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஒன்றுகூட எடுக்க விடவில்லையாம் அவள்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசுவார் என்று நான் தினம் காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா? மெஸ்ஸில் எனக்கு எப்போதும்போல் வெங்காயம் கூடுதலாகப் போட்டு ஆம்லெட் ஒதுக்கி வைப்பார். அலபாமா சார்ஜன்ட் அதற்குள் ஊர் போய்விட்டிருந்தார். சிப்பாய்கள் ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பதில்லை. புதிய முகங்கள், புதிய வரிசை.

இப்போது அந்த மெஸ் ஹாலே இல்லை. கழற்றி லாரிகளில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்வி. நாங்கள் இருந்த கேம்ப்பில் வேறொரு கம்பெனி ஆட்கள் இருக்கிறார்கள். நான் துபாய்க்கு வந்து, ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கராமாவில் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடும் கிடைத்து, பத்து வருஷம் ஆகப்போகிறது. ஃபோனில் எந்த ஆட்டத்தை வேண்டுமானாலும் முதல் நிமிஷத்திலிருந்து பார்க்கலாம். இரண்டு மூன்று முறை முயன்றேன். அரைமணிக்குமேல் பார்க்க முடியவில்லை. மிக்கேலண்ணன் ஊரோடு போய்விட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த செய்தி வந்தது. இப்போது அவருடைய நம்பரை வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அறுபது நாள் லீவு முடிந்து அவர் முகாமுக்குத் திரும்பி வந்த வருஷத்து சீசனில், செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறு. ஆட்டம் கடைசி நிமிஷத்தில். மூன்று புள்ளி பின்னால் இருந்தவர்களுக்கு நாலாவது முயற்சி, போக வேண்டியது எட்டு கஜம். கம்பம் பக்கத்திலேயே இருக்கிறது. உதைத்தால் சமன். குழந்தைக்குக்கூடத் தெரியும், உதைக்க வேண்டும். நான் வாசலிலிருந்து, மெஸ் ஹால் முழுக்கக் கேட்கும்படி, "ஒதைக்கக் கூடாதுண்ணே! ஒதைக்கிறவன் எதுக்கு? ஓடணும்!" என்று கத்தினேன். என் கண் அவர்மேல்தான் இருந்தது. கரண்டியைக் கீழே வைப்பார், வாசலில் ஆளெண்ணும் பயல் என்பார், காலைப் பற்றி என்னடே தெரியும் என்பார் என்று காத்திருந்தேன். அவர் டி.வி.யை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் மக்கா" என்றார். அடுத்த ஆளுக்கு இரண்டு முட்டை உடைத்தார்.

அதற்கப்புறமும் இரண்டு வருஷம் ஒரே மெஸ்ஸில் இருந்தோம். ஞாயிறுதோறும் நான் ஏதாவது சொல்வேன். போகப்போக வேண்டுமென்றே மடத்தனமாகச் சொன்னேன். முதல் முயற்சியிலேயே பந்தை உதைத்துவிட வேண்டும் என்றேன். முன்னால் இருப்பவன்தான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்றேன். ஃபுட்பாலில் காலே தேவையில்லை என்றுகூட ஒருநாள் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.